நாற்பத்தொன்றாம் நம்பர் அலவாங்கு

"இரும்ப எங்கய்யா வச்சிருக்கே?"

"வைக்கலீங்க ஸ்டோர் ஐயா. நட்டிருக்கோம்."

"நட்டா முளைக்க அது என்ன முருங்கைக் கொம்பா? கவர்மெண்டு அலவாங்குய்யா! நம்பர் நாப்பத்தொன்னு! புத்தகத்துல உன் கைநாட்டு இருக்கு!"

"அதெல்லாம் நல்லா நெனவு இருக்குங்க. ஆனா இப்ப அது அலவாங்கு இல்லீங்களே."

"பின்னே?"

"முனிங்க."

இதற்குப் பிறகு களஞ்சியத்துக்குள்ளே ஏதோ பெரிய தகரம் விழுந்த சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக் கந்தோர் என்கிற ரோட்டு ஆபீசின் சாமான் களஞ்சியத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு செம்பருத்தி வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் பேசுகிறவர்கள் மெதுவாகப் பேசினால்தானே இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ள முடியும்? ஆகவே நான் ஒரு பூக்கூடையை எடுத்துக்கொண்டு, பூ இல்லாத பக்கமாகப் பார்த்து நின்றேன்.

கத்தியவர் வைரவநாதன், களஞ்சியப் பொறுப்பாளர். பதிலுக்கு நிதானமாக நின்றவர் இராமையா, ஸ்பிரிங்வெளி ரோட்டில் மண் வெட்டிக் கல் பரப்பும் கூட்டத்துக்குக் கங்காணி. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று. பதுளைக்கு மேலே நமுனுகுல மலை மூன்று வாரம் முகத்தையே காட்டாத அந்த மழை வருஷம்.

வைரவநாதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக அவர் அந்தக் களஞ்சியத்தில் பதில் ஆள். பதில் ஆள் என்றால் வேலை முழுசு, நாற்காலி பாதி. மண்வெட்டி, பிக்காசு, கல் நெம்புகிற அலவாங்கு என்கிற கடப்பாரை, ராந்தல், தார் வாளி, கயிறு எல்லாம் கொழும்பிலிருந்து பண்டாரவளை வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் பதுளைக்கு வரும். வந்த மறு நிமிஷம் அவர் அவற்றுக்கெல்லாம் ஜாதகம் எழுதிவிடுவார். சுவரில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே அந்தச் சாமானின் உருவத்தைக் கரியால் கோடு கிழித்து வைத்திருப்பார். அலவாங்கு வெளியே போனால் சுவரில் அதன் நிழல் மட்டும் நிற்கும். எலி கடித்த கயிற்றின் துணுக்குகளைக்கூட ஒரு பையில் கட்டி, 'எலி, புரட்டாசி' என்று சீட்டு ஒட்டியிருந்தார். சிரிக்காதீர்கள். உடைந்ததைக் கண்ணால் காட்டினால்தான் ஒழிந்ததாக எழுதலாம் என்பது கந்தோர்ச் சட்டம். எலிக்கு அந்தச் சட்டம் தெரியாததால் இவர்தான் பொறுக்க வேண்டியிருந்தது.

அந்த வருஷம் எஞ்சினியர் துரை ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். டிசம்பர் இருபதாம் தேதி வருஷக் கணக்கெடுப்பு. அன்றைக்கு வெளியே கொடுத்த சாமான் அத்தனையும் களஞ்சியத்துக்குத் திரும்பி ஆணியில் தொங்க வேண்டும். ஒன்றும் குறையாவிட்டால் வைரவநாதனுக்கு வேலை நிரந்தரம். குறைந்தால் வேறு ஆள்.

துரை கொடுத்த வாக்கின் மேல் இன்னொருவரும் ஒரு வாக்குக் கொடுத்து வைத்திருந்தார். அவர் கடைவீதி இரும்புக்கடை சிதம்பரநாதன். ரோட்டுக் கந்தோருக்கு ஆணியும் கம்பியும் கொடுப்பது அவர் கடைதான். "நிரந்தரச் சீட்டு கைக்கு வரட்டும். மறுநாள் என் வீட்டுல தாம்பூலம்" என்று அவர் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மகள் சந்திரகாந்திக்கு இருபது நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் இருபது என்றால் ஊர் நாக்கு சும்மா இருக்காது. என் நாக்கும் அப்படி ஒன்றும் விரதத்தில் இல்லை.

இனி முனி கதைக்கு வருகிறேன். இதை எனக்குச் சொன்னவள் இராமையாவின் மனைவி ரெங்கம்மா. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தால் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போக மாட்டாள்.

அக்டோபர் மழையில் நாலாம் கட்டைக்கு, அதாவது நாலாம் மைல்கல்லுக்கு, பக்கத்தில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. கூட்டம் முழுக்க மண் வாரிக்கொண்டிருந்தது. இராமையா தன் அலவாங்கைச் சரிவில் குத்தி நிறுத்திவிட்டு வெற்றிலை போட ஒதுங்கினார். நேர் கீழே ரெங்கம்மா குந்தியிருந்து கல் உடைத்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து மாடு அளவு பாறை ஒன்று புரண்டு வந்தது. எல்லாரும் கத்தினார்கள். ரெங்கம்மாவுக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்க வரவில்லை. பாறை வந்து அலவாங்கில் இடித்து அப்படியே நின்றுவிட்டது.

"இரும்பு வளையக்கூட இல்லீங்க. நின்னுச்சு. ஆள் நிக்கிற மாதிரி நின்னுச்சு" என்றாள் ரெங்கம்மா.

பாறையைப் பிறகு உடைத்து ரோட்டிலேயே பரப்பிவிட்டார்கள். அலவாங்கை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. சாயங்காலம் மஞ்சள் பூசினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மேலே ஒரு தகரம் வந்தது. அதற்கடுத்த வாரம் சேவலும் சுருட்டும். ரோட்டு முனி என்று பெயரும் வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அங்கே போய்த் திருநீறு வாங்கிவருகிற அளவுக்கு முனிக்கு வேலை கூடிவிட்டது. அவருக்கு மட்டும் யாரும் கணக்கெடுப்பு வைக்கவில்லை.

அந்தத் தகரச் சத்தத்துக்குப் பிறகு வைரவநாதன் நாலாம் கட்டைக்குப் போனார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. முதல் தடவை குடையும் புத்தகமுமாக விறைப்பாகப் போனார். கூட்டம் விலகி வழிவிட்டது. ரெங்கம்மா மட்டும் சொன்னாளாம்: "எடுத்துக்கங்க ஐயா. நாங்க தடுக்கல. நாளைக்கு கல்லு வந்தா நீங்க நின்னு தாங்குவீங்களா? அத மட்டும் சொல்லிட்டு எடுங்க."

அவர் அலவாங்கில் கையை வைத்தார். வைத்த கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போனவர் இரும்போடு திரும்பவில்லை, நெற்றி நிறையத் திருநீறோடு திரும்பினார். கந்தோர் வாசலில் அதை அழித்துவிட்டு உள்ளே போனதை நான் பார்த்தேன்.

இரண்டாவது தடவை வேறு அலவாங்கு ஒன்றைக் கொண்டுபோய், "இத நட்டுக்குங்க, அதத் தாங்க" என்று கேட்டார். இராமையா யோசித்துவிட்டு, "உங்க அம்மாவுக்குப் பதிலா அதே உயரத்துல ஒரு அம்மா தர்றேன்னா வாங்கிக்குவீங்களா ஐயா?" என்றாராம். மூன்றாவது தடவை அவர் ஒன்றுமே கேட்கவில்லை. மழையில் நின்று, ரெங்கம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்துவிட்டார். அது எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. போக வேறு இடமும் இல்லாமல், கேட்க வேறு வார்த்தையும் இல்லாமல் போனவர் என்று இப்போது தோன்றுகிறது.

கணக்கெடுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது சிதம்பரநாதன் களஞ்சியத்துக்கு வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குத் துணி காயப்போடுகிற வேலை இருந்தது.

"மாப்பிள்ளையாப் போறவரே, என் கடையில பதினெட்டு அலவாங்கு சும்மா தூங்குது. ஒன்னு எடுத்துத் தொங்கவிட்டா முடிஞ்சுது. இதுக்கா சோறு இறங்காம கெடக்கீங்க?"

"நம்பர் இருக்கே மொதலாளி. கொழும்புல குத்தி அனுப்புறாங்க. அரசாங்க முத்திரையும் நாப்பத்தொன்னும்."

"ஆசாரி கையில உளி இருக்குல்ல?"

"அது பொய்யில்லையா?"

"என்ன பொய்? அரசாங்கத்துக்கு ஒரு அலவாங்கு குறையுது, நான் ஒரு அலவாங்கு குடுக்குறேன். யார் வீட்டச் சாய்ச்சோம்? தொரைக்கு எண்ணிக்கை சரி, முனிக்கு எடம் சரி, என் பொண்ணுக்கு வயசு சரி. உங்களுக்கு மட்டும் என்ன சரியில்ல?"

நியாயமாகச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வைரவநாதன் நாலு நாள் தாங்கினார். ஐந்தாம் நாள் பின்வாசல் வழியாகச் சாக்கில் சுற்றிய ஒரு நீளப் பொட்டலம் உள்ளே போயிற்று. ஆசாரி கெட்டிக்காரர். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, புகையில் காட்டி, பத்து வருஷம் உழைத்த இரும்பு மாதிரியே ஆக்கியிருந்தார். நாற்பத்தொன்றாம் ஆணியில் அது தொங்கியது. சுவரில் கிழித்திருந்த கரிக்கோட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தியதாம். ஆனால் வைரவநாதன் அந்தச் சுவர்ப் பக்கம் போகும்போது மட்டும் தலையைத் திருப்பிக்கொள்வார். ஆறு வருஷமாக ஒவ்வொரு சாமானையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாகப் பார்த்த மனுஷர், ஒன்றே ஒன்றை மட்டும் பார்க்காமல் நடந்தார்.

இந்தப் பொட்டலக் கதை நாலாம் கட்டைக்குத் தெரியாது. அங்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ரெங்கம்மாவுக்கு மனசு உறுத்தியது. "அந்த ஐயா மூணு தரம் மல ஏறி வந்துட்டாரு. கடைசித் தரம் இரும்பப் பத்திப் பேசவே இல்ல. நம்மால ஒரு மனுசனுக்கு வேல போகணுமா?" என்று புருஷனைக் குடைந்தாள். கடைசியில் முனியிடமே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. இரண்டு இலைப் பொட்டலம் கட்டினார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. வெள்ளை வந்தால் முனிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. ரெங்கம்மா கண்ணை மூடி எடுத்தாள். வெள்ளை.

கோயில் சாமி தேரில் ஊர் சுற்றிவிட்டு மறுபடி இருப்பிடத்துக்கு வருவதில்லையா? அதுபோல முனியும் ஒரு நாள் பதுளைக்கு இறங்கி, துரையின் எண்ணிக்கையில் நின்றுவிட்டு, அன்றைக்கே மலை ஏறிவிடுவார் என்று ஏற்பாடு. வைரவநாதனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சந்தோஷச் செய்தியை நேரில் கொண்டுவந்து காட்டலாம் என்று நினைத்தார்களாம்.

இருபதாம் தேதி காலை எட்டு மணிக்குத் துரை வந்தார். கூடவே கந்தோர்க் கிளாக்கர் லத்தீப், பெரிய புத்தகத்தோடு. லத்தீப் வாசிக்க, வைரவநாதன் ஆணியிலிருந்து எடுத்துக் காட்ட, துரை தொட்டுப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டார். மண்வெட்டி முடிந்தது. பிக்காசு முடிந்தது. எலிப் பையைப் பார்த்துத் துரை சிரித்துவிட்டாராம். அலவாங்கு முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அதை மட்டும் வைரவநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டியதை லத்தீப் கவனித்தார், துரை கவனிக்கவில்லை. கோடு விழுந்தது. நாற்பத்திரண்டுக்குப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் கடைவீதிப் பக்கமிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது.

நான் வாசலுக்கே ஓடிவிட்டேன். வேலியெல்லாம் அன்றைக்குப் போதாது. இராமையா முன்னால் வந்தார். தோளில் அலவாங்கு. அதற்குச் செவ்வந்தி மாலை, உச்சியில் எலுமிச்சம்பழம், உடம்பெல்லாம் சந்தனம். பின்னால் ரெங்கம்மா தட்டும் கையுமாக. அவளுக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பேர் ஈரம் சொட்டச் சொட்ட. நாலு மைல் மழையில் நடந்து வந்திருந்தார்கள்.

"ஐயா! கூட்டிட்டு வந்துட்டோங்க!" என்று இராமையா களஞ்சிய வாசலில் நின்று கத்தினார். "நாப்பத்தொன்னு வந்தாச்சுன்னு தொரைகிட்ட சொல்லுங்க!"

துரை வெளியே வந்தார். இது என்ன என்று கேட்டார். லத்தீப் மெதுவாக வைரவநாதன் பக்கம் குனிந்து, "ஏதோ சாமி ஊர்வலம்னு சொல்லி அனுப்பிரவா?" என்றார். நல்ல மனுஷர், அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வைரவநாதன் பதில் சொல்வதற்குள் இராமையா தலைத்துண்டை அவிழ்த்து அலவாங்கின் கழுத்தில் இருந்த சந்தனத்தைத் துடைத்து, முத்திரையையும் நம்பரையும் துரைக்கு நேரே நீட்டினார். முகம் முழுக்கப் பெருமை. துரை குனிந்து வாசித்தார். உள்ளே போனார். ஆணியிலிருந்து மற்றதை எடுத்துக்கொண்டு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

லத்தீப் தமிழில் சொன்னார், சொல்ல விருப்பமில்லாத குரலில்: "தொரை சொல்றாரு, இதுல ஒன்னு பொய் முத்திரையாம். களஞ்சியத்துல இருக்குறது புத்தகத்துல ஏறின சாமான். அதனால வெளியில இருந்து வந்ததுதான் பொய்யா இருக்கணுமாம். அரசாங்க முத்திரைய யார் குத்தினாங்க, எந்தப் பட்டறைன்னு கங்காணி சொல்லணும். இல்லாட்டி போலீஸ்."

தப்பு மேளம் நின்றுவிட்டது. இராமையாவுக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "நாங்க குத்தலீங்களே... இது முனிங்க..." என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். ரெங்கம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வைரவநாதனைப் பார்த்தாள். திட்டவில்லை. கூட்டிக்கொண்டு வந்துவிட்டோமே, இப்போது நீங்கள்தானே பேச வேண்டும் என்பது மாதிரி ஒரு பார்வை.

வைரவநாதன் இரண்டு அலவாங்கையும் நேராகப் பார்த்தார். எனக்கு அது ஒரு பிரசவம் பார்த்த மாதிரி இருந்தது. வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். வேலை நிரந்தரம், தை மாசம் கல்யாணம். கோடு ஏற்கெனவே விழுந்துவிட்டதே.

"கங்காணி கொண்டு வந்ததுதான் மெய்யான நாற்பத்தொன்று என்று துரையிடம் சொல்லுங்கள்" என்றார் அவர், புத்தகத்தில் எழுதுகிற தமிழில். "உள்ளே தொங்கினது நான் வைத்தது."

"யாரு செஞ்சு குடுத்தாங்கன்னு தொரை கேக்குறாரு."

"நான் வைத்தேன் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்."

கடைவீதித் திருப்பத்தில் சிதம்பரநாதன் குடைக்குள் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். வைரவநாதனும் பார்த்தார். துரை மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

துரை திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. புத்தகத்தை வாங்கித் தானே ஏதோ எழுதினார். "உம்முடைய கணக்கில் குறைவு ஒன்றும் இல்லை. ஒன்று மிச்சம் இருக்கிறது. மிச்சமும் பிழைதான்" என்று லத்தீப் வழியாகச் சொன்னார். பொய் அலவாங்குக்கு நம்பரைத் தேய்த்துவிட்டு எண்பத்தேழு என்று புது நம்பர் போட உத்தரவாயிற்று. வைரவநாதனுக்கு மாசக் கடைசியோடு வேலை முடிந்தது என்றும் உத்தரவாயிற்று. இரண்டையும் ஒரே பென்சிலால் எழுதினார். கங்காணியையும் கூட்டத்தையும் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

துரை போன பிறகு வைரவநாதன் மேசையில் உட்கார்ந்து, நாற்பத்தொன்றை மறுபடி வெளியே கொடுக்கச் சீட்டு எழுதினார். யாருக்கு: இராமையா கங்காணி. இடம்: நாலாம் கட்டை. என்ன வேலைக்கு என்ற இடத்தில் 'மலையைத் தாங்க' என்று எழுதினார். இராமையா கைநாட்டு வைக்கும்போது அழுதுவிட்டார்.

"எங்களாலதாங்க ஐயா..."

"உங்களால இல்ல, கங்காணி. நீங்க கொண்டு வந்தது சரியான சாமான்."

சிதம்பரநாதன் ஒரு வாரம் கடையில் தலை நிமிரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "நிரந்தரம் இல்லாத ஆளுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்குறது?" என்றார், யாரும் கேட்காவிட்டாலும் சொன்னார். அவர் மனைவி வடிவம்மா என்னிடம் உப்புக் கடன் வாங்குகிற சாக்கில் வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவாள். ஆகவே அந்த வீட்டுச் சண்டைக்கு நான் வேலி தாண்ட வேண்டியிருக்கவில்லை.

"ஏங்க, அந்த மனுசன் உங்க பேர ஒரு தடவ சொல்லியிருந்தா இந்தக் கடை இருந்திருக்குமா?" என்று வடிவம்மா கேட்டிருக்கிறாள்.

"நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"நல்லதுக்குச் செஞ்சத நீங்க செஞ்சேன்னு சொல்லியிருக்கலாமே. கொடைக்குள்ள நின்னீங்களே!"

அப்போது அடுப்படியிலிருந்து சந்திரகாந்தி குரல் கொடுத்தாளாம். அந்தப் பெண் அப்பா முன்னால் பேசி நான் கேள்விப்பட்டதே அதுதான் முதல் தடவை. "கணக்கு சரியா இருக்குற ஆளு வேணும்னுதானேப்பா ஒரு வருசமாச் சொன்னீங்க? இப்ப யாரு கணக்கு சரியில்ல?"

சிதம்பரநாதன் அன்றைக்குச் சாப்பிடாமல் கடைக்குப் போனார். மறுநாள் தாம்பூலத் தட்டோடு வைரவநாதன் வீட்டுப் படியேறினார். என்ன பேசினார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டார்கள். அது எனக்குப் பெரிய குறைதான்.

கல்யாணம் மாசியில் நடந்தது. ரோட்டுக் கூட்டம் முழுக்க வந்து பந்தலுக்கு வாழைமரம் கட்டியது. மாப்பிள்ளை மாமனார் கடையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த ஒரே மாசத்தில் கடைச் சுவர் முழுக்கக் கரிக்கோடு. தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும்கூட நம்பர். பாதி விலைக்கு ஒதுக்கி வைத்திருந்த துருப்பிடித்த ஆணியைப் புது ஆணியோடு கலந்து நிறுக்க மாமனாருக்கு இனி வழியில்லாமல் போயிற்று. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வெலிமடையில தோட்டக்காரங்களுக்கு மண்வெட்டி விக்க ஒரு கடை போட்டா நல்லா ஓடும் மாப்பிள்ள" என்று அவரே யோசனை சொல்லி, சந்திரகாந்தியையும் பிள்ளையையும் பெட்டி படுக்கையோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார். வடிவம்மா மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் தானும் புறப்பட்டு மகளோடு போய்விட்டாள். சிதம்பரநாதன் அதற்குப் பிறகு கடைவீதியில் தனியாகத்தான் இருந்தார், சமைக்க வெலிமடையிலிருந்து வடிவம்மா ஓர் ஆளை அனுப்பி வைத்திருந்தாள். களஞ்சியத்துக்கு அடுத்து வந்தவர் சத்தமே போடாத ஆள். வேலிப் பக்கம் கேட்க இனி ஒன்றும் இல்லாததால் நானும் அந்த வருஷக் கடைசியில் என் தங்கை வீட்டுப் பக்கம், பசறைக்குக் குடிபோய்விட்டேன்.